படிவத்தின் பின்பக்கம்

"எங்க நிலத்த மானாவாரின்னு எழுதுங்க."

கணக்கெடுப்பாளரின் பேனா காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. பாசனச் சங்க அறையில் அதுவரை சந்தைக்கடையாக இருந்த பேச்சு, யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் நின்றுபோனது. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எது வேண்டுமானாலும் கேள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அங்கே சொல்லிவிடாதே என்று அன்று காலையில்தான் அம்மா கெஞ்சியிருந்தாள். "மானத்துக்குப் பயந்த மனுஷன்டி உங்கப்பா. அந்த வார்த்தை அவர் காதுல விழுந்தா அப்படியே உக்காந்துடுவாரு. வருஷத்துல ஒரு நாள் சந்தோஷமா சட்டை போட்டுக்கிட்டுப் போறாரு. அதுல மண்ண அள்ளிப் போட்டுடாத." மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் பதில் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அம்மா வாசல்வரை வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அந்த வார்த்தை அறையின் நடுவில் விழுந்து கிடந்தது. எடுத்து மறைக்க யாராலும் முடியாது.

அந்த அறையில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். கால்வாயில் பதினான்கு மடைகள். முதல் மடைக்காரர்கள் முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே. இரண்டாம் மடை அதற்குப் பின்னால். அப்படியே இறங்கி இறங்கி, பதினொன்று முதல் பதினான்கு வரையுள்ள கடைமடைக்காரர்கள் கதவோரத்தில், பாதிப் பேர் வெளியே நின்றுகொண்டு. பெயர் கூப்பிடுவதும் அதே வரிசையில்தான். டீ வருவதும் அதே வரிசையில்தான். ஒன்பதாம் மடையைத் தாண்டுவதற்குள் டீக்கேன் காலியாகிவிடும். "நம்ம கால்வாய்த் தண்ணி மாதிரியே டீயும் பழகிடுச்சுப்பா" என்று அவளுடைய அத்தை வருஷா வருஷம் சொல்லுவாள். எல்லோரும் வருஷா வருஷம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று அவள் அந்த வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். மூன்றாம் மடைக்காரர் கையெழுத்துப் போட எழுந்துகொண்டிருந்தபோது, அவரைத் தாண்டி, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன டிகிரி, வரிசை தெரியாதா?" என்றார் மூன்றாம் மடைக்காரர். ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். கடைமடைப் பக்கத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வாழ்த்திக் கூப்பிட ஆரம்பித்த பெயர், அவள் வாயைத் திறக்கத் தொடங்கிய பிறகு குத்திக்காட்டும் பெயராகிவிட்டது.

"தெரியும். பதினொரு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கோம். அதான் முன்னால வந்தேன்."

சங்கத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். முதல் மடையில் முப்பது ஏக்கர் கரும்பு அவருக்கு. கரும்பைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்ததாலோ என்னவோ, பேச்சும் அப்படித்தான் வரும்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. விளையாட்டுக்குச் சொல்றியா? ஊர்ல அவனவன் மானாவாரிய நஞ்சையா மாத்தத் தவம் கெடக்கறான். நீ நஞ்சைய மானாவாரியாக்கச் சொல்ற. உங்கப்பன் கேட்டா என்ன ஆவான்?"

உங்கப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கதவோரத்தில், சுவரில் சாயாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்கிவிடக் கூடாதே என்று கைகளைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அவளுடைய மூன்றாம் வகுப்பு நோட்டில் அவளோடு சேர்ந்து எழுதிப் பழகிய பெயர் அது. அதை எழுதுவதற்கு அவருக்கு வருஷத்தில் ஒரே ஒரு சந்தர்ப்பம்தான்: இந்தக் கணக்கெடுப்பு நாள். கணக்கெடுப்பாளர் சர்வே எண்ணைப் படிப்பார். "கால்வாய்தானே?" என்பார். "கால்வாய்தாங்க" என்பார் அப்பா. "நெல்லுதானே?" "நெல்லுதாங்க." பிறகு குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வரைவார். தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். முப்பது ஏக்கர்க்காரர் ஒன்றரை ஏக்கர்க்காரரின் கையைக் குலுக்குவார்! அப்பா அன்று முழுவதும் அந்தக் கையைக் கொஞ்சம் தனியாக வைத்துக்கொண்டு நடப்பார்.

நிலத்தில் என்ன இருந்தது? சோளம். மழை பெய்த வருஷம் சோளம். பெய்யாத வருஷம் புழுதி. காகிதத்தில் மட்டும் பதினொரு வருஷமாக நெல் அறுவடையாகிக்கொண்டே இருந்தது.

தங்கள் நிலம் மானாவாரி என்று அப்பா வாயால் சொன்னதேயில்லை. அப்பா மட்டுமில்லை, கடைமடை நாற்பத்தோரு குடும்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நஞ்சைக்காரன் என்ற பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் தன் வாயாலேயே தொலைக்க யாருக்கு மனசு வரும்? எழுதுகிறவருக்கும் அது வசதியாக இருந்தது. போன வருஷப் பக்கத்தைத் திறந்து வைத்து, அப்படியே இந்த வருஷப் பக்கத்தில் இறக்கிவிடுவார். வெயிலில் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

அவளும் இதைப் பெரிதாக நினைத்தவளில்லை. மூன்று வாரத்துக்கு முன்புவரை.

பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக அவள் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். புள்ளியியல் படித்தவளுக்கு அங்கே கிடைத்த புள்ளியியல், ஒரு கட்டுக்கு ஐநூறு தாள் என்பது மட்டும்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கணக்கெடுப்பாளர், இதே தோல் பையோடு வந்து, ஒரு வெற்றுப் படிவத்தைக் கொடுத்து அறுநூறு நகல் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா சார்?"

"முன்பக்கம் போதும்மா. பின்பக்கத்த யாரு படிக்கிறா?"

அவள் படித்தாள். மெஷின் முன்பக்கத்தைத் துப்பிக்கொண்டிருக்க, அந்த வெளிச்சத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்துகளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு படித்தாள். நான்காவது குறிப்பில் அவள் கண் நின்றது. மெஷினில் தாள் சிக்கிக்கொண்டு கீ கீ என்று கத்தியது. முதலாளியும் கத்தினார். அவளுக்கு இரண்டும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பின்பக்கத்தை மட்டும் நாற்பத்தொன்று நகல் எடுத்தாள். நேராக அத்தை வீட்டுக்குப் போனாள். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் அவளும் கடைமடையில் நுழையாத வீடில்லை. அத்தை பேசுவாள், அவள் படித்துக் காட்டுவாள். முதல் வீட்டில் சண்டை. இரண்டாவது வீட்டில் அழுகை. பத்தாவது வீட்டுக்குப் பிறகு, இவர்கள் வருவதற்குமுன்பே பேனாவோடு வாசலில் நின்றார்கள். 'மானாவாரி' என்று அந்த நகல்களில் எழுதிப் போட்ட நாற்பது கையெழுத்தும் இப்போது அவள் தோள்பையில் இருந்தன. அப்பாவுடையது மட்டும் இல்லை. கேட்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் நீளும் அவளுக்கு வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தலைவரே, நான் ஒன்னு படிக்கட்டுமா?" என்றாள் இப்போது.

"படிம்மா. படிக்கத்தானே உங்கப்பன் அனுப்பினான்."

முன்வரிசை சிரித்தது. அவள் பையிலிருந்து படிவத்தின் பின்பக்க நகலை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுப் படித்தாள்:

"'குறிப்பு நான்கு. ஒரு வாய்க்காலின் கடைசி மடையில் உள்ள கடைசி நிலத்திற்குத் தண்ணீர் சென்று சேர்ந்தால் மட்டுமே, அந்த வாய்க்காலின் முழுப் பரப்பும் பாசனம் பெறுவதாகக் கொள்ளப்படும். அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு இப்பரப்பின்படியே நிர்ணயிக்கப்படும்.'"

சிரிப்பு அடங்கிவிட்டது.

"நம்ம வாய்க்கால்ல எத்தன ஏக்கர் சார்?" என்று கணக்கெடுப்பாளரைக் கேட்டாள்.

"அறுநூத்திப் பன்னண்டு."

"அதுல கடைமடை?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"நானே சொல்றேன். இருநூத்தி எட்டு. அணையில அறுநூத்திப் பன்னண்டுக்கும் தண்ணி தெறக்கறாங்க. பத்தாம் மடைக்கு மேலயே நானூத்தி நாலு ஏக்கர் அத்தனையும் குடிச்சுடுது. எங்க இருநூத்தி எட்டு ஏக்கர் தண்ணி எங்க போச்சு? நெல்லு விளைஞ்ச எடத்துல கரும்பு எப்படி வந்துச்சு? மீன் குட்டை எப்படி வந்துச்சு? வருஷா வருஷம் எங்கப்பா கையெழுத்துல வந்துச்சு. கடைசி மடையில கடைசி நிலம் அவரோடதுதான். அவரு 'கால்வாய்தாங்க'ன்னு சொல்ற ஒரு வார்த்தைக்குத்தான் அணையே தெறக்குது. அதுக்குத்தான் தலைவரே, நீங்க எந்திரிச்சு வந்து கை குடுக்கறீங்க."

தலைவர் நாற்காலியின் முன்கால்கள் தரையில் டக்கென்று இறங்கின. அவர் இப்போது சாய்ந்திருக்கவில்லை.

"இங்க பாரு பொண்ணே. படிச்ச திமிர்ல பேசாத. மேட்டு நெலம் உங்களுது. தண்ணி ஏறாததுக்கு நாங்க என்ன பண்றது? தண்ணிகிட்ட போய் டிகிரியக் காட்டு, ஏறுதான்னு பாப்போம்."

"ஏறும்."

"எப்படித் தெரியும்?"

"ஏறிப் பாத்திருக்கேன். நான் ஆறாம் வகுப்பு படிக்கறப்ப ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அதே நேரம் மதகு தெறந்ததுக்குச் சங்கு ஊதும். பன்னண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு மணி. தட்டு கழுவ ஓடுனா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எங்க மடையில தண்ணி நிக்கும். மூணே முக்கால் மணி நேரம். ஒரு வருஷம் முழுக்க அந்தத் தண்ணியிலதான் தட்டு கழுவுனேன். அதுக்கடுத்த வருஷம் நீங்க தலைவரானீங்க."

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அத்தையாகத்தான் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் விசிலடிக்கத் தெரிந்த பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

தலைவர் விவரமானவர். மகளோடு பேசிப் பயனில்லை என்று சட்டென்று புரிந்துகொண்டார். எழுந்து, வரிசைகளை விலக்கிக்கொண்டு, கதவோரத்துக்கே போய்விட்டார். அவளுடைய அப்பாவின் தோளில் கையைப் போட்டார். இஸ்திரிச் சட்டை கசங்கியது.

"ஏம்ப்பா, நீயும் நானும் அப்படியா பழகிருக்கோம்? சின்னப் பொண்ணு, ரத்தம் சூடு, பேசிடுச்சு. உன் நெலம் ஒன்றரை ஏக்கர்தானே? இந்த வாரமே என் குட்டையிலேர்ந்து தனியா பைப் போட்டுத் தரேன். உனக்கு மட்டும். உன் பொண்ணுக்கும் ஜெராக்ஸ் கடை எதுக்கு? சங்க ஆபீஸ்லயே உக்காரட்டும். என்ன சொல்ற? வா, வந்து எப்பவும்போல கையெழுத்துப் போடு. உன் கையெழுத்து இல்லாம இந்தப் பேரேடு முடிஞ்சிருக்கா?"

அவர் அப்பாவை மெல்ல மேஜைக்கு நடத்திக்கொண்டு வந்தார். முதன்முறையாக அப்பா தன் முறை வருமுன் முன்வரிசையைத் தாண்டி வந்தார். மின்விசிறிக் காற்றில் அவர் தலைமுடி அலைந்தது. கணக்கெடுப்பாளர் அவசர அவசரமாகப் பேரேட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

"கால்வாய்தானே?" என்றார், பழக்க தோஷத்தில்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாற்பது வீடு, நாற்பது கையெழுத்து. எல்லாம் இந்த மனிதர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. 'அப்பா' என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிடவில்லை. இது அவர் சொல்ல வேண்டிய சொல். பிடுங்கி வாங்கினால் அவளுக்கும் தலைவருக்கும் என்ன வித்தியாசம்?

அப்பா பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றவில்லை.

"என் பொண்ணு படிச்சுச்சே," என்றார், "அது நெசமாவே அதுல எழுதியிருக்கா?"

"அது... பின்பக்கத்துலங்க. பொதுவா யாரும்..."

"எழுதியிருக்கா?"

"எழுதியிருக்குங்க."

"என் கையெழுத்தாலயா இத்தன நாளு இவங்களுக்குத் தண்ணி வந்துச்சு?"

கணக்கெடுப்பாளர் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வகையில... ஆமாங்க."

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு வாய்விட்டு. கடைமடைக்காரர்கள் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

"அடேயப்பா," என்றார். "எனக்கு எழுதத் தெரிஞ்சது அஞ்சே அஞ்சு எழுத்து. அத வெச்சே அணையத் தெறந்திருக்கேன். முன்னமே தெரிஞ்சிருந்தா என் வயலுக்குத் தெறந்திருப்பேனே தலைவரே!"

தலைவரின் கை அவர் தோளிலிருந்து தானாக நழுவி விழுந்தது.

அப்பா பேனா மூடியைக் கழற்றினார். முதுகை நிமிர்த்தினார். அந்தச் சொல்லை அவர் ஒருமுறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்ததை அவர் உதட்டில் அவள் கண்டாள்.

"மானாவாரி," என்றார். யாரும் கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டவர்போல் இன்னும் உரக்க, கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி: "மானாவாரிதாங்க. பதினொரு வருஷமா மானாவாரி. நெல்லு இல்ல, சோளம். இந்த வருஷம் அதுவும் இல்ல, தரிசு. எழுதிக்குங்க சார்."

அவள் பையைத் திறந்து, கையெழுத்தான நாற்பது தாளையும் கையெழுத்தில்லாத ஒன்றையும் மேஜையில் வைத்தாள். அப்பா நாற்பத்தொன்றாவதில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். எப்போதையும்விட நிதானமாக. கடைசி எழுத்தின் சுழியைக் கொஞ்சம் நீட்டிவிட்டுக்கூட முடித்தார்.

அறை வெடித்தது. முன்வரிசை எழுந்தது, பின்வரிசை முன்னால் வந்தது. யார் எந்த மடை என்று தெரியாமல் கலந்துபோனார்கள். ஐந்தாம் மடைக்காரர் கணக்கெடுப்பாளரின் சட்டையைப் பிடிக்காத குறை. "சார், இத எழுதினா எங்களுக்கு என்ன ஆகும்?"

"இருநூத்தி எட்டு ஏக்கர் தண்ணி குறையும். அடுத்த திறப்புலயே."

"கரும்பு?"

"கரும்பு உங்க பாடு."

தலைவர் மேஜையைத் தட்டினார். இரண்டு முறை தட்டியும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கணக்கெடுப்பாளரின் மைக்கூடு துள்ளியது.

"சரி! சரி! யாரும் எதுவும் எழுத வேணாம். தண்ணி விடறோம். கடைமடைக்குத் தண்ணி விடறோம், போதுமா? ஞாயித்துக்கெழமை பொதுக்குழுவக் கூட்டிப் பேசி, முறை வெச்சு..."

"வாயால விடற தண்ணி வேணாம் தலைவரே," என்றாள் அவள்.

"என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவ்வளவு சுருக்கமான பதிலை அந்த நாற்காலி அதுவரை கேட்டதில்லை.

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது.

"சார், பேரேட்ட நீங்க எத்தன மணிக்கு மூடணும்?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு. நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல குடுத்தாகணும்."

"குறிப்பு ரெண்டையும் படிச்சுடறேன். 'பாசன ஆதாரத்தையும் நிலப் பயன்பாட்டையும் நேரில் கண்டே பதிய வேண்டும்.' நேர்ல. இந்த ஃபேனுக்கு அடியில இல்ல. அஞ்சு மணிக்கு எங்க மடைக்கு வாங்க. என்ன கெடக்குதோ அத எழுதுங்க. தண்ணின்னா தண்ணி. புழுதின்னா புழுதி. நாங்க எல்லாரும் கூடவே நிப்போம்."

கணக்கெடுப்பாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பயந்த மனிதர்தான். ஆனாலும் அந்தத் தாளில் கடைசியில் மாட்டப்போவது யார் பெயர் என்று கணக்குப் போட அவருக்கும் தெரியும். "வரேன்," என்றார். "அஞ்சு மணிக்கு வரேன்."

"மூணே முக்கால் மணி நேரம்," என்று பத்தாம் மடைக்காரர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அது ஓடற வாய்க்காலுக்குய்யா," என்றாள் அத்தை, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து. "பதினொரு வருஷம் காஞ்ச வாய்க்கால் முதல்ல தான் வயிறு முட்டக் குடிக்கும். அப்புறம்தான் எங்களுக்கு விடும். அரைமணி கூட வெச்சுக்க. மேல ஓடற தண்ணி கீழ வரணும்னா பன்னண்டே முக்காலுக்குள்ள பத்து மடை ஷட்டரையும் எறக்கி மூடணும். நீ இப்படி விரல எண்ணிக்கிட்டு நின்னா உன் கரும்ப நீதான் கடிச்சுத் துப்பணும்."

"பத்தையும் எப்படி அம்பது நிமிஷத்துல எறக்கறது?" என்று மூலையிலிருந்து ஷட்டர்க்காரர் அலறினார். பதினான்கு மடைக்கும் அவர் ஒருவர்தான். எல்லாவற்றுக்கும் திருகுப்பிடியும் ஒன்றுதான். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். "என் சைக்கிள் செயினே கழண்டு கெடக்கு!"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். முன்வரிசைதான் அதிகம் பார்த்தது. அவர்களுடைய பார்வையில் அவர் இதுவரை காணாத ஒன்று இருந்தது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கதவைப் பார்த்தார். அங்கே டீக்கேனோடு வந்த ஆள், யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குக் குடுய்யா," என்றார் தலைவர். குரல் திடீரென்று பாகாக உருகியிருந்தது. "உக்காரும்மா. டீ குடி. பெரியவங்க நாம உக்காந்து பேசினா தீராததா? ஒரு அரைமணி நேரம் உக்காரு."

ஆவி பறக்கும் டீ டம்ளர் அவள் முன்னால் வந்தது. கேனிலிருந்து இறங்கிய முதல் டம்ளர். கடைமடை வீட்டுக் கைக்கு அந்த அறையில் முதன்முதலாக வந்த டீ. அவள் அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா ஒரு மடக்கு குடித்தார், கண்ணை மூடித் திறந்தார். "சூடாத்தான் இருக்குடி," என்று அத்தையிடம் நீட்டினார். அத்தை மீதியை ஒரே மூச்சில் முடித்து, டம்ளரைத் தலைவரின் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அரைமணி நேரம் உக்காந்தா மணி பன்னண்டு இருபத்தஞ்சு," என்றாள் அவள். "எனக்கு ஒன்னும் இல்ல. உங்களுக்குத்தான் நேரம் இல்ல."

"நீ என்னதாம்மா முடிவு பண்ணிருக்க? அதச் சொல்லிட்டுப் போ!"

"முடிவெல்லாம் எப்பவோ பண்ணியாச்சு. நாப்பத்தோரு கையெழுத்தும் போட்டாச்சு. நான் கேக்க வரல தலைவரே, சொல்லத்தான் வந்தேன்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அத்தை. கடைமடைக்காரர்கள் கதவிலிருந்து விலகி வழிவிட்டு, பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள்.

"அப்ப இன்னிக்குத் தண்ணி வந்துட்டா கால்வாய்னு எழுதிடுவீங்கல்ல?" என்று தலைவர் கத்தினார். அந்தக் குரலில் ஒரு சின்ன நப்பாசை இருந்தது: இன்றைக்கு ஒரு நாள் விட்டால் போதும் என்ற நப்பாசை.

அவள் வாசற்படியில் நின்றாள். இதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று அவள் கடைசிவரை எடுத்து வைத்திருந்தாள்.

"குறிப்பு ஆறு படிக்கலியா நீங்க? விதைக்கறப்ப ஒரு தடவ, கதிர் வர்றப்ப ஒரு தடவ, அறுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ. மூணு தடவ பாக்கணும். ஒரு தடவ புழுதியா கெடந்தாலும் மானாவாரின்னு திருத்தி எழுதணும். இன்னிக்கு முதல் தடவ."

உள்ளே நாற்காலிகள் சரசரவென்று இழுபட்டன. "அந்தப் பிடிய எடுய்யா! வண்டியில ஏறு, ஏறு!" என்ற தலைவரின் குரலும், "பின்னால கம்பி குத்துதுங்க, மெதுவா!" என்ற ஷட்டர்க்காரரின் குரலும் ஒன்றாகக் கேட்டன. ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் கிளம்பாமல், மூன்றாவது உதையில் உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் பறந்தது. ஓட்டுகிறவரின் வெள்ளை வேட்டி காற்றில் படபடக்க, பின்னால் உட்கார்ந்தவர் இரும்புப் பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழாமலிருக்கத் தலைவரின் தோளையே கட்டிப்பிடித்திருந்தார். பின்னாலேயே இரண்டாம் மடை, ஐந்தாம் மடை, எட்டாம் மடை வண்டிகள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு.

"மானாவாரிக்காரன் மவளே," என்று அத்தை அவள் இடுப்பில் கிள்ளினாள். "எங்க போற? மடைக்கா?"

"வீட்டுக்கு. அம்மாகிட்ட சொல்லிட்டு, மம்பட்டி எடுத்துக்கிட்டு. பதினொரு வருஷப் புல்லு அடைச்சுக் கெடக்கு மடையில. தண்ணி வர்றதுக்குள்ள செதுக்கணும்."

அப்பா ஏற்கெனவே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.